நாற்பத்தேழாம் நம்பர் வாய்

ஊரில் இருக்கிற வாய்களைப் பற்றி ஜட்ஜம்மாவிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட முடியாது. பத்தொன்பது வருஷமாகப் பல் செட்டும், பல்லுக்கு மேல் மாட்டுகிற கேப்பும் செய்கிறவள் அவள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் பசையை வைத்து அமுக்கி அச்சு எடுத்து லேப்புக்கு அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, இறுகிய பிறகு பிரித்து எடுத்தால், யாரோ ஒருவருடைய வாய் வெள்ளை வெளேரென்று மேஜைமேல் உட்கார்ந்திருக்கும். கூடவே ஒரு சீட்டு வரும். அதில் பேர் இருக்காது. நம்பர், வயசு, ஆணா பெண்ணா, எந்தப் பல், என்ன நிறம், அவ்வளவுதான். மீதி ஜாதகத்தை ஜட்ஜம்மா தானே கணித்துவிடுவாள்.

"இவன் தூக்கத்துல பல்லைக் கடிக்கிறவன். பகல்ல வாயைத் திறக்கத் துப்பில்ல, படுத்தப்புறம் கடிச்சுத் தீர்த்துக்கறான்" என்பாள்.

"இவளைப் பாரு, அஞ்சு வருஷமா இடது பக்கமே மென்னுட்டு இருந்திருக்கா. வலது பக்கம் ஓட்டை. டாக்டர்கிட்ட போகப் பயம். இப்ப ரெண்டு பக்கமும் போச்சு, நல்லா வேணும்."

எதிர் மேஜையில் உட்கார்ந்து கேப்புகளுக்குப் பளபளப்பு ஏற்றுகிற பாலிஷ்காரி விழுந்து விழுந்து சிரிப்பாள். ஜட்ஜம்மா என்று பேர் வைத்தவளும் அவள்தான். கிண்டலுக்கு வைத்த பேர். இவள் அதைப் பதவி உயர்வு மாதிரி எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள்.

சீட்டின் பின்பக்கம் டாக்டருக்கு இரண்டு வரி எழுதி அனுப்புவது லேப்புகளில் வழக்கம். 'அச்சு இழுபட்டிருக்கிறது, மறுபடி எடுத்து அனுப்பவும்' என்று மற்றவர்கள் எழுதுவார்கள். ஜட்ஜம்மா, 'அச்சு எடுத்தது கையாலா, காலாலா?' என்று எழுதுவாள். பதினோரு கிளினிக்குகளுக்கு இவள் சீட்டு போகும். டாக்டர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள், சிலர் முகம் சுளிப்பார்கள், ஆனால் ஒருவரும் லேப்பை மாற்றவில்லை. ஏனென்றால் அவள் செய்த கேப் பல்லில் கச்சிதமாகப் போய் உட்காரும். கை அவ்வளவு சுத்தம். கை சுத்தமாக இருந்ததால் நாக்கும் சுத்தம் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். அவளிடம் அப்படி இல்லை என்று சொல்ல யாருக்கும் நேரமும் இல்லை, தைரியமும் இல்லை.

இப்படி ஊர் வாயையெல்லாம் அளந்து வைத்திருந்தவளின் வீட்டிலேயே ஒரு வாய் இருந்தது. அவள் தங்கை. பதினான்கு வயசு இளையவள். சின்னவள் என்றே கூப்பிட்டுப் பழக்கம். அப்பா என்கிறவர் சின்னவளுக்கு ஆறு வயசாக இருக்கும்போதே இன்னொரு குடும்பத்துக்குக் குடிபோய்விட்டார். அம்மா இரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு சின்னவளுக்கு இருந்த ஒரே இடம் அக்கா வீட்டின் கோடி அறை. அவளை அந்த அறையில் வைத்திருப்பதா, பெட்டியைக் கட்டி அனுப்புவதா என்பதுதான் கடைசி ஒரு வருஷம் முழுக்க அந்த வீட்டில் ஓடிய வழக்கு. தீர்ப்பு யார் கையில் என்று சொல்ல வேண்டியதில்லை.

சின்னவளின் குற்றப்பட்டியல் நீளம். ஒரு பயண அலுவலகத்தில் போன் எடுக்கிற வேலை. ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு மேனேஜர், "அப்புறம் பேசலாம்" என்று சொன்னாராம். அவ்வளவுதான். பதினொன்றேகாலுக்கு வேலையை விடுகிறேன் என்று மெசேஜ் அனுப்பிவிட்டுத் தெருவில் நின்றாள். ஒரு நல்ல பையனோடு நிச்சயம் ஆகியிருந்தது. ஒரு மதியம் அவன் போனை எடுக்கவில்லை. நாற்பது தடவை அடித்துப் பார்த்துவிட்டு மோதிரத்தைக் கழற்றிக் கூரியரில் போட்டாள். சாயங்காலம் அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, தன்னை விட்டுவிட வேண்டாம் என்று அழுதாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இடுப்புவரை இருந்த கூந்தலைத் தானே கத்தரித்துக்கொண்டு வந்து நின்றாள். ஒரு வாரம் அக்காதான் தெய்வம். அடுத்த வாரம் அதே அக்கா அவளைக் கொல்லப் பிறந்தவள். கோபம் வந்தால் கையில் கிடைத்த தட்டு உடையும். வெயில் கொளுத்தினாலும் முழுக்கைச் சட்டைதான். அந்தக் கைகளுக்குள் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட தழும்புகள் இருந்தன. ஜட்ஜம்மா அதை ஒரு தடவை பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, "யாருக்குக் காட்டறதுக்கு இது?" என்று கேட்டாள். மறைத்து வைத்திருந்தவளைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது.

இதற்கெல்லாம் சேர்த்து ஜட்ஜம்மா வைத்திருந்த வார்த்தை ஒன்றே ஒன்று. சீன்.

"சீன் போடறா" என்பாள். வேலையிலிருந்து கிளம்பும்போது புருஷனுக்குப் போன் போட்டு, "இன்னைக்கு எத்தனை சீன்?" என்று விசாரிப்பாள். புருஷன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். காலம் முழுக்க மேலேயும் கீழேயும் போய் வந்த மனுஷன், பக்கவாட்டில் ஒரு வார்த்தை வராது. "ஒண்ணும் இல்லம்மா" என்பார். அந்த ஆளிடமிருந்து வேறு பதிலை ஜட்ஜம்மா எதிர்பார்த்ததும் இல்லை, மதித்ததும் இல்லை.

சாப்பாட்டு விஷயம் தனி. காலையில் வாங்கி வைத்த ரொட்டி பாக்கெட் மதியத்துக்குள் காலியாகிவிடும். பிஸ்கட் டப்பா, விருந்தாளிக்கு என்று வைத்த கேக், மூன்று பேருக்கு வடித்த சோறு, எல்லாம் ஒரே மூச்சில் போகும். மறுநாள் கேட்டால் பசியில்லை என்று பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டாள். சாப்பிட்ட கையோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். குழாய் அரை மணி நேரம் ஓடும். ஜட்ஜம்மா கதவைத் தட்டி, "தண்ணி என்ன உங்கப்பன் வீட்டு ஆறா?" என்பாள். இருவருக்கும் ஒரே அப்பன்தான் என்பது கோபத்தில் மறந்துவிடும். அந்தக் குழாய்ச் சத்தத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை. அழுகைக்குப் பின்னணி இசை வைக்கிறாள் என்றுதான் நினைத்தாள். அந்த ஜோக்கை மறுநாள் பாலிஷ்காரியிடமும் சொல்லிச் சிரித்தாள்.

சின்னவள் ஒரு தடவை தானாக வந்து சொல்லத்தான் பார்த்தாள். காலை நேரம், ஜட்ஜம்மா தேநீரோடு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நான் ஒரு மனநல டாக்டரைப் பாத்தேன். எனக்கு இருக்கறதுக்கு ஒரு பேர் இருக்காம். பார்டர்லைன் பர்சனாலிட்டின்னு சொன்னாங்க."

"பார்டரா? எந்த நாட்டுக்கும் எந்த நாட்டுக்கும் நடுவுல?"

"சிரிக்காத அக்கா. மனசுக்குள்ள திடீர்னு ஒண்ணு கிளம்பும். அதை அந்த நிமிஷமே நிறுத்தியாகணும், இல்லன்னா செத்துடுவேன்னு இருக்கும். எதைப் பண்ணா நிக்குமோ அதைப் பண்ணிடறேன். பண்ணி முடிச்சப்புறம்தான் என்ன பண்ணோம்னே தெரியும்."

"எல்லாருக்குந்தான் மனசுல கிளம்புது. நான் என்ன தட்டையா தூக்கி உடைக்கறேன்?"

உடைக்கவில்லைதான். தட்டு எதற்கு, அவளுக்கு நாக்கு இருந்தது.

"இன்னொண்ணும் சொன்னாங்க. சாப்பாட்டு விஷயத்துலயும் ஒரு கோளாறு..."

"சாப்பாட்டு விஷயத்துல உனக்கு ஒரு கோளாறும் இல்ல. பாத்திரம் பாத்திரமா உள்ள போகுது. பேர் வச்சாச்சுல்ல? தொட்டில்ல போட்டு ஆட்டு, போ."

சின்னவள் வாயைக் கையால் மூடிக்கொண்டு எழுந்து போனாள். அவள் சிரித்தாலும் அழுதாலும் பேசினாலும் கை வாய்க்குப் போய்விடும். அதற்கும் ஜட்ஜம்மாவிடம் ஒரு தீர்ப்பு உண்டு. ஸ்டைல்.

அந்த வாரமே ஜட்ஜம்மா சமையலறை அலமாரிக்குப் பூட்டு வாங்கி வந்தாள். இருபத்தேழு வயசுப் பெண்ணிடமிருந்து ரொட்டியைக் காப்பாற்றப் பித்தளைப் பூட்டு. சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் சின்னவள் அந்தப் பூட்டைப் பார்த்தாள், அக்காவின் கழுத்தைப் பார்த்தாள், பிறகு அலமாரிக்கு வெளியே இருந்த தட்டு, டம்ளர், கண்ணாடிக் கிண்ணம் எல்லாவற்றையும் தரையில் போட்டு உடைத்தாள். "நீயும் என்னைத் துரத்தத்தானே பாக்கற? துரத்து, இப்பவே துரத்து!" என்று கத்தினாள். லிஃப்ட்காரர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். ஜட்ஜம்மா நாற்காலியை விட்டு எழவில்லை.

"இதுதான் கடைசி. இன்னும் ஒரே ஒரு சீன், அன்னைக்கே உன் பெட்டி வாசல்ல இருக்கும்."

அதற்குப் பிறகு வீடு அடங்கிவிட்டது. தட்டு உடையவில்லை. குழாய் ஓடவில்லை. சின்னவள் மூன்று வேளையும் கொஞ்சமாக, மணி பார்த்து, மருந்து சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டாள். ஒரு புத்தகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், அதை விடவும் இல்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், நான்கு மாதம். ஜட்ஜம்மா சாவியைத் தடவிப் பார்த்துக்கொள்வாள்.

"பாத்தியா? வைத்தியம், பேர், மாத்திரை, மண்ணாங்கட்டி! ஒரு பூட்டு செஞ்ச வேலை!" என்று பாலிஷ்காரியிடம் பெருமை அடித்தாள்.

லிஃப்ட்காரரிடமும் சொன்னாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு சாப்பாட்டைப் பிசைந்தார்.

இந்தச் சமயத்தில்தான் நாற்பத்தேழாம் நம்பர் வந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு கிளினிக்கிலிருந்து. பெண், வயசு இருபத்தேழு, மேல் முன்பற்கள் ஆறுக்கும் கேப். டாக்டரம்மா கவனமானவள். கேப்புக்காகப் பற்களைச் செதுக்குவதற்கு முன் ஓர் அச்சு, செதுக்கிய பின் ஓர் அச்சு என்று இரண்டும் அனுப்பியிருந்தாள். முதல் அச்சைப் பிரித்து விளக்கடியில் வைத்ததும் ஜட்ஜம்மா விசிலடித்தாள்.

"இங்க வா, இந்தக் கண்றாவியைப் பாரு."

பாலிஷ்காரி எழுந்து வந்தாள். முன்பற்களின் வெளிப்பக்கம் சும்மா இருந்தது. உள்பக்கம் மட்டும் வழுவழுவென்று கரைந்து, ஓரங்கள் காகிதமாகத் தேய்ந்திருந்தன. கடைவாய்ப் பற்களில் சின்னச் சின்னப் பள்ளங்கள்.

"இனிப்பு ரொம்பத் தின்னுருப்பாளோ?"

"இனிப்பு இப்படி அரிக்காது. இது வயித்துலேர்ந்து மேல வர்ற அமிலம். தின்னது அத்தனையையும் வெளிய எடுக்கிறவ. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வருஷக்கணக்கா. தின்னறதும் அவளே, வேணாம்னு எடுக்கறதும் அவளே. இந்த மகாராணிக்கு ஆறு கேப் ஒரு கேடு."

"பாவம், ஏதாவது வியாதியா இருக்கும்."

"வியாதியாம் வியாதி! கொழுப்பு."

அப்படிச் சொல்லிவிட்டு உட்கார்ந்து, அந்த வாய்க்கு ஆறு கேப்புகளையும் ஒரு வாரம் இழைத்து இழைத்துச் செய்தாள். அவ்வளவு அழகாக அந்த வருஷத்தில் வேறு எதையும் அவள் செய்யவில்லை. அது யாருக்குக் கிடைத்த கொடுப்பினை என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. பெட்டியில் வைக்கும்போது சீட்டைத் திருப்பி, தன் குண்டு குண்டான கையெழுத்தில் எழுதினாள்: 'செய்து அனுப்பியிருக்கிறேன். வீண் வேலை. வாந்தி எடுத்தே பல்லைக் கரைத்த கேஸ். ஆறு மாதத்தில் இதையும் உடைத்துக்கொண்டு வந்து நிற்பாள். முதலில் வாயைக் கட்டச் சொல்லுங்கள்.'

செவ்வாய்க்கிழமை மதியம் ஜட்ஜம்மாவின் கைப்பேசி அடித்தது. தெரியாத எண்.

"வணக்கம். நான் பல் டாக்டர் பேசறேன். உங்க நம்பரை ஒரு பேஷன்ட் அவசரத்துக்குக் கூப்பிடச் சொல்லி ஃபார்ம்ல எழுதியிருக்காங்க. அவங்க..."

"டாக்டரம்மா? நான் லேப்லேர்ந்து பேசறேன். குரல் தெரியலையா?"

டாக்டரம்மா, "நீங்களா?" என்றாள். "நான் லேப்புக்கு அடிக்கலையே. நாற்பத்தேழாம் பேஷன்ட் எழுதின நம்பருக்குத்தான் அடிச்சேன்."

ஜட்ஜம்மாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. எவளோ ஒருத்தி தன் எண்ணை எழுதி வைத்திருக்கிறாளே என்று. புரிய நான்கு நொடி ஆனது. ஆயிரம் வாய்களைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்துப் படித்தவளுக்கு நான்கு நொடி.

டாக்டரம்மா சொல்லிக்கொண்டே போனாள். தற்காலிகக் கேப்புகளைக் கழற்றிவிட்டு, புதுசைப் பொருத்தப் பெட்டியைத் திறந்து தட்டில் வைத்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்து வெளியே யாரோ கூப்பிட, இரண்டு நிமிஷம் போயிருக்கிறாள். திரும்பி வந்தால் நாற்காலி காலி. படித்துவிட்டுப் போட்ட சீட்டு தரையில் கிடந்தது.

"சீட்டை எடுத்துட்டுத்தான் பெட்டியைத் திறந்திருக்கணும். தப்பு என் மேலயும் இருக்கு. ஆனா இப்படியா எழுதுவீங்க? செதுக்கின பல்லோட போயிருக்கா. காத்து பட்டாலே உயிர் போகும். அவளைத் தேடிக் கூட்டிட்டு வாங்க."

செதுக்கின பல் எப்படி இருக்கும் என்று ஜட்ஜம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டாம். ஒரு வாரமாக அந்த ஆறு மொட்டைப் பற்களைத்தான் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழற்றாத வேலை அங்கியோடு தெருவில் இறங்கினாள். சின்னவளின் போன் அணைந்திருந்தது. புத்தகக் கடையில் இன்று விடுப்பு என்றார்கள். வீட்டில் கோடி அறையில் கட்டில் மடிப்புக் கலையாமல் இருந்தது. அடுத்து எங்கே போவது என்று நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. தங்கை எங்கே போவாள், யாரிடம் போவாள், மனசு உடைந்தால் எந்தத் தெருவில் நடப்பாள், ஒரு மண்ணும் தெரியாது. ரயில் பாதை ஒன்று இருக்கிறது, மேம்பாலம் ஒன்று இருக்கிறது என்பதுமட்டும் தெரியும்.

வேறு வழியில்லாமல் புருஷனுக்குப் போன் போட்டாள். சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

"கண்ணாடிக் கடைக்கு மேல ஒரு ஆலோசனை மையம் இருக்கு. இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. அங்கதான் இருப்பா. இல்லன்னா பாக்கலாம், பதறாத."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே வாராவாரம் கொண்டுபோய் விடறேன். நாலு மாசத்துக்கு மேல ஆச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ சிரிப்பன்னு சின்னவ சொன்னா" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் பக்கவாட்டில் சொன்ன முதல் வார்த்தை அதுதான், நேராக வந்து நெஞ்சில் இடித்தது.

மையம் முதல் மாடியில். ஜட்ஜம்மா இரண்டிரண்டு படியாக ஏறினாள். வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணிடம், "என் தங்கச்சி எங்க? உள்ள வச்சு அவளை என்ன பண்றீங்க?" என்று கத்தினாள். மேஜையை ஓங்கி அறைந்ததில் பேனாக்கள் எகிறி விழுந்தன. நாற்காலியில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் பதறவே இல்லை. ஒரு டம்ளர் தண்ணீரை நகர்த்தி வைத்தாள்.

"உக்காருங்கம்மா. முதல் தடவையா வர்றீங்களா? மெதுவா மூச்சு விடுங்க. ஃபார்ம் அப்புறம் எழுதிக்கலாம்."

ஊருக்கே தீர்ப்புச் சொன்னவளை ஊரே நோயாளி என்று நினைத்துப் பரிவாகப் பார்த்தது. நன்றாக வேண்டும் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

சத்தம் கேட்டு உள்ளறைக் கதவு திறந்தது. சின்னவள் வந்தாள். ஒரு துணியை வாய்மேல் அழுத்திப் பிடித்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. ஆனால் நின்ற நிலை நிதானமாக இருந்தது. அக்காவை ஓரமாக, மாடிப்படிக்குப் பக்கத்தில் அழைத்துப் போனாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் காற்று பட்டுக் கண் சுருங்கியது.

"சின்னவளே, தெரியாம எழுதிட்டேன்டீ. நீதான்னு தெரியாது."

"நான்னு தெரியாது. வேற ஒருத்தின்னா பரவாயில்லையா அக்கா?"

ஜட்ஜம்மா அவள் தோளைத் தொடப் போனாள். சின்னவள் தள்ளி நின்றாள்.

"டாக்டரம்மா முதல் நாளே என்கிட்ட கறாரா சொல்லிட்டாங்க. வாந்தி நின்னாத்தான் பல்லுல கை வைப்பேன், நிக்காம கேப் போடறதில்லன்னு. மூணு மாசம் என்னைக் காக்க வச்சாங்க. நின்னுடுச்சுன்னு உறுதியானப்புறம்தான் செதுக்கினாங்க. எல்லா டாக்டருமே அப்படித்தானாமே? பத்தொன்பது வருஷமா செய்யற, உனக்கு அது தெரியாதா?"

தெரியும். தொழிலில் கால் வைத்த முதல் வருஷமே தெரிந்த பாடம். இந்த மாதிரி வாய்க்குக் கேப் செய்யச் சொல்லி ஆர்டர் வந்தால், அந்த ஆள் நிறுத்திவிட்டாள் என்று அர்த்தம். அந்த அச்சில் இருந்தது பழைய கேடு. சீட்டில் இருந்தது புதுச் செய்தி. ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு மீண்டு வருகிறாள் என்கிற செய்தி. ஜட்ஜம்மா அந்தக் கேட்டை மட்டும் படித்தாள். கேடு படிக்கத்தான் அவளுக்குக் கண் பழகியிருந்தது.

"நாலு மாசம் பதினோரு நாள் வாந்தி எடுக்காம இருந்தேன். இன்னைக்கு உன் கையெழுத்தைப் படிச்சுட்டு வெளிய வந்தேன். வழியில ஒரு கடையில நின்னு கண்ணு மண்ணு தெரியாம தின்னேன். பல்லு கூசிச்சு. கூசக் கூசத் தின்னேன். அப்புறம் எடுத்துட்டேன். அப்புறம் ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னேன், ரொம்ப நேரம்." துணியை இன்னும் இறுக்கி அழுத்தினாள். "இங்க ஒண்ணு சொல்லிக் குடுத்திருக்காங்க. அந்த அலை வந்தா ஒண்ணும் பண்ணாத, ஒரு ஆளுகிட்ட போய் நில்லுன்னு. அதான் வந்துட்டேன். வந்து எல்லாரு முன்னாடியும் சொன்னேன். ஒரு நாள் வழுக்கினா நாலு மாசம் அழிஞ்சு போகாதுன்னாங்க."

"வீட்டுக்கு வா. அந்தப் பூட்டை இன்னைக்கே கழட்டித் தூக்கிப் போட்டுடறேன்."

சின்னவள் அக்காவை விசித்திரமாகப் பார்த்தாள். "பூட்டா? நான் அடங்கினது அந்தப் பூட்டாலன்னா நினைச்ச? எத்தனை நாள் அதைப் பாத்துட்டு இங்க ஓடி வந்திருக்கேன் தெரியுமா, மறுபடியும் ஆரம்பிச்சுடக் கூடாதுன்னு."

ஜட்ஜம்மா அழுதாள். மாடிப்படியில் உட்கார்ந்து, அங்கியின் நுனியால் மூக்கைச் சிந்தி, போகிறவர் வருகிறவர் பார்க்க அழுதாள். சின்னவள் பக்கத்தில் உட்காரவில்லை. செவ்வாய்தோறும் மையத்தில் கூடுகிற குழுவில் வருகிற ஒரு டீச்சரின் வீட்டில் மாடி அறை காலியாக இருக்கிறதாம். சாமான்களை மாமா எடுத்து வருவார் என்றாள். போட வேண்டிய சண்டையை எல்லாம் அவள் போடவில்லை. கத்தியிருந்தால் அக்காவுக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். பெட்டி வாசலுக்குப் போனது. போகச் சொன்னது மட்டும் ஜட்ஜம்மா இல்லை.

செதுக்கின பல்லை அப்படியே விட முடியாது, மறுநாள் காலையே கேப் பொருத்த வேண்டும். டாக்டரம்மா தடுக்கவில்லை என்பதால் ஜட்ஜம்மாவும் போனாள். கேப்பில் ஏதாவது திருத்தம் வந்தால் அங்கேயே கையோடு செய்து தரலாம் என்று காரணம் சொன்னாள். உண்மைக் காரணம் வேறு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த வாயைப் பிளாஸ்டரில் இல்லாமல் உயிரோடு பார்க்க வேண்டும், பார்த்து ஏதாவது ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று இருந்தது. ராத்திரி முழுக்க அந்த வார்த்தையைத் தேடினாள். பழக்கமில்லாத வேலை, சுலபத்தில் கிடைக்கவில்லை.

சின்னவள் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். லிஃப்ட்காரர் கதவோரம் அவள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா விளக்கை இழுத்து, "வாயைத் திறம்மா" என்றாள்.

சின்னவள் திறக்கவில்லை. வாய்மேல் கையை வைத்தபடி தலையை மட்டும் திருப்பி, தட்டோடு நின்ற அக்காவைப் பார்த்தாள். பார்வையில் கோபம் இல்லை. வங்கியில் முன்பின் தெரியாத ஒருவரைப் பார்க்கிற மரியாதைதான் இருந்தது.

"நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்க" என்றாள்.

நீங்க. பிறந்து பேச்சு வந்த நாளிலிருந்து நீ, வா, போ என்று கூப்பிட்டவள். தட்டை உடைத்த அன்றைக்கும் 'நீ' என்றுதான் கத்தினாள். ஜட்ஜம்மா ஒரு தடவை புருஷனைப் பார்த்தாள். அவர் கதவை நன்றாகத் திறந்து, வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

அவள் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய், காத்திருப்போர் வரிசையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பாவம் என்று சொல்லலாம்தான். ஆனால் அவளைப் பார்த்து அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.